பத்து வருஷம் கழித்து மாணவரிடம் எது மிஞ்ச வேண்டும்? அதற்கு வகுப்பில் என்ன செய்கிறோம்?

அடையாறு_சமூக_அறிவியல் | பதிவு 1

செப்டம்பர் 5 நெருங்கினாலே "பிள்ளைகள் மனசுல நிற்கிற ஆசிரியரா இருக்கணும்" என்று பேச ஆரம்பிக்கிறோம். எப்படி நிற்பது என்று வரும்போது பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் ஒரு வேண்டுகோள்: சொந்தக் கதைகளை விட்டுவிட்டு, நாளைக்கு முதல் பீரியடில் செய்து பார்க்கக்கூடியதை எழுதுங்கள். எது சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் தரப்பை முதலில் வைக்கிறேன். அறிவுரை மனதில் நிற்பது அபூர்வம். தினமும் மாறாமல் செய்த சின்னக் காரியம்தான் தங்குகிறது. அதில் முதலாவது பெயர். 40 பேர் வகுப்பில் நாளுக்கு எட்டுப் பெயர் எடுத்தால் ஐந்து வேலை நாளில் முடிந்துவிடும். ஏ4 தாளில் பெஞ்ச் வரிசையை வரைந்து, பெயர் எழுதி, வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வகுப்புகளில் தமிழ்ப் பெயரோடு உருது, தெலுங்கு, இந்திப் பெயர்களும் கலந்துதான் இருக்கும். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பிள்ளையிடமே கேட்டு அந்த உச்சரிப்பில் பழகுங்கள்.

இதில் சொதப்புவது எங்கே என்றால், பெயர் கண்டிப்பதற்கு மட்டுமே நம் வாயில் வருவது. ஒரு வாரத்துக்குப் பெயர்ப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பாடம் தொடர்பாகக் கூப்பிட்டால் புள்ளி, கண்டிக்கக் கூப்பிட்டால் கோடு போடுங்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் சில பெயர்களுக்கு வெறும் கோடுகள்தான் இருக்கும். இன்னும் சில பெயர்களுக்குப் புள்ளியும் இருக்காது, கோடும் இருக்காது. சத்தம் போடாத, முதல் மார்க்கும் வாங்காத பிள்ளைகள் அவர்கள். அடுத்த வாரம் அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கு_வாத்தியார்_பெரம்பூர் | பதிவு 2

டீச்சர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் அன்பு, கனிவு என்ற பக்கமே சாய்கிறது. ஒரு பிள்ளை பத்தாவது முடிக்கும்போது பின்னம் கூட்டத் தெரியவில்லை என்றால், நாம் எவ்வளவு இனிமையாகப் பழகியிருந்தாலும் அதனிடம் மிஞ்சுவது "எனக்குக் கணக்கு வராது" என்ற ஒரே முடிவுதான். வேலை, கடன், வட்டி, மருந்தளவு என்று எண் வருகிற இடத்திலெல்லாம் அந்த முடிவு கூடவே வரும். ஆசிரியர் விட்டுச்செல்லும் தடயங்களில் இதைவிடக் கெட்டது எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். மேலே கூட்டு, கீழே கூட்டு. நாம் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, "எல்சிஎம் எடு" என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகிறோம். பிள்ளை எல்சிஎம் எடுக்கும், தான் எழுதியது ஏன் தப்பு என்பது மட்டும் தெரியாமலே இருக்கும். அதற்குப் பதில் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "2/5 பெரியதா, 1/2 பெரியதா?" பாதியோடு ஒன்றைக் கூட்டிய பிறகு விடை பாதியைவிடக் குறைந்து போயிருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். தன் விடையைத் தானே சோதிக்க முடியும் என்ற அந்தப் பழக்கம் மிஞ்சினால் எனக்குப் போதும்.

தினமும் செய்வது: பீரியடின் முதல் ஐந்து நிமிடம், போர்டில் மூன்று கணக்கு. ஒன்று நேற்று நடத்தியது, ஒன்று போன வாரம், ஒன்று போன மாதம். நோட்டைப் பார்க்காமல் ரஃப் நோட்டில் போட வேண்டும், மார்க் கிடையாது. மூன்றாவது கணக்கில் பாதி வகுப்பு திணறினால் அந்த இடத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று அர்த்தம். இதற்கு மார்க் போட ஆரம்பித்தால் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள், யாருக்கு என்ன தெரியும் என்ற தகவலே கெட்டுவிடும்.

பயிற்சிக்_கல்லூரி | பதிவு 3

மேலே சொன்ன ஐந்து நிமிடத்துக்கு வலுவான ஆய்வு ஆதாரம் உண்டு. ஒருமுறை கற்றது முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் 1885லேயே தன்னைச் சோதித்து எழுதினார். 2006இல் ரோடிகர், கார்பிகே என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இன்னும் பயனுள்ளது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். நம் ரிவிஷன் வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை. அன்று மாலை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், பரீட்சை ஹாலில் வராது.

இன்னொன்று காத்திருப்பு. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, மெல்லக் கற்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள். மாணவர் பதில் சொன்ன பிறகும் உடனே "கரெக்ட்" சொல்லாமல் மூன்று விநாடி விடச் சொல்கிறார். அந்த இடைவெளியில்தான் பிள்ளை "ஏன்னா..." என்று தொடர்கிறது.

புதுசு_இரண்டாம்_வருஷம் | பதிவு 4

மேடம், காத்திருந்தா முன் பெஞ்சுல நாலு பேர் "மிஸ் மிஸ்"னு கத்தி பதிலைச் சொல்லிடறாங்க. மீதிப் பேருக்கு யோசிக்கவே வேலை இல்லாமப் போயிடுது. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் ஒரே குரல்ல "புரிஞ்சுது மிஸ்". டெஸ்ட்ல பார்த்தா ஒண்ணும் இல்ல. இதை எப்படி உடைக்கிறது?

பயிற்சிக்_கல்லூரி | பதிவு 5

வரிசையை மாற்றுங்கள், டீச்சர். கேள்வி முதலில், பிறகு மௌனம், கடைசியில் பெயர். "கார்த்தி, மழை எப்படி உருவாகிறது?" என்று பெயரை முதலில் சொன்னால் கார்த்தியைத் தவிர எல்லோரும் ஓய்வெடுப்பார்கள்.

கத்துவதை நிறுத்த, கேள்வி கேட்டதும் சாக்பீஸை மேஜையில் வையுங்கள். "கை தூக்க வேண்டாம், ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்" என்று சொல்லி, பெஞ்சுகளுக்கு நடுவே ஒருமுறை நடந்து வாருங்கள். நடக்கும்போதே ஐந்தாறு நோட்டு கண்ணில் படும். பாதி சரியாக எழுதிய ஒருவரை முதலில் கூப்பிடுங்கள். முழுச் சரியான விடையை முதலில் வாங்கினால் அங்கேயே விவாதம் முடிந்துவிடும். முதல் சில நாள் வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும், முறை பழகும்வரை விடாதீர்கள். பாதியில் கைவிட்டால் "மிஸ் ரெண்டு நாள் புதுசா ஏதோ செய்வாங்க, அப்புறம் விட்டுடுவாங்க" என்பதே பாடமாகப் பதியும்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை அடியோடு விடுங்கள். "இதில் எந்த வரியை வீட்டில் தம்பிக்குச் சொல்லித்தர முடியாது?" என்று கேட்டுப் பாருங்கள்.

இயற்பியல்_மேஜை | பதிவு 6

அறிவியல் ஆசிரியராக நான் விட்டுச்செல்ல விரும்புவது ஒன்றுதான்: புத்தகத்தில் இருந்தாலும், ஆசிரியரே சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற துணிச்சல். அதை உபதேசமாகச் சொல்லி வரவைக்க முடியாது. ஒரு சோதனையை முழுசாக எழுதுகிறேன்.

வேண்டியவை: ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டு, அதில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், இரண்டு சொட்டு நீல மை, 5 செ.மீ. உயர மெழுகுவர்த்திகள் மூன்று, உயரமான கண்ணாடி டம்ளர், ஒரே கனமுள்ள நாணயங்கள் இரண்டு. தண்ணீர் ஊற்றும் முன்பே உருகிய மெழுகால் ஒரு மெழுகுவர்த்தியைத் தட்டில் ஒட்டுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். நாணயங்களைத் தட்டில் எதிரெதிராக வைத்து, டம்ளரின் விளிம்பு அவற்றின் மேல் உட்காரும்படி கவிழ்க்க வேண்டும். நாணயம் இல்லாமல் விளிம்பு தட்டோடு ஒட்டி உட்கார்ந்தால் தண்ணீர் உள்ளே போக வழி இருக்காது. சோதனை "வரவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பின்னல், துப்பட்டா எல்லாம் பின்னால் இருக்கட்டும், ஈரத்துணி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பற்ற வைக்கும் முன், என்ன நடக்கும், ஏன் என்று எல்லோரும் இரண்டு வரி எழுத வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால் சோதனை வெறும் வேடிக்கை ஆகிவிடும். பார்த்த பிறகு எல்லோரும் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்பார்கள்.

தண்ணீர் ஏறும். உடனே வகுப்பு சொல்வது: "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு." பல வழிகாட்டிகளிலும் இதே விளக்கம்தான். இப்போது திரும்பச் செய்து, எப்போது ஏறுகிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சுடர் எரியும்வரை மட்டம் பெரிதாக மாறாது, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழ் வெளியேறுவதையும் சிலர் பார்த்திருப்பார்கள். பிறகு மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்யுங்கள். டம்ளரும் அதே, உள்ளே உள்ள ஆக்சிஜனும் அதே அளவு, தண்ணீர் மட்டும் அதிகம் ஏறுகிறது. ஆக்சிஜன்தான் காரணம் என்றால் அப்படி ஆகக்கூடாது. சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் வெளியேறிவிட்டது, சுடர் அணைந்ததும் மீதி குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடரும் ஆக்சிஜன் முழுக்கத் தீரும் முன்பே அணைந்துவிடுகிறது.

அச்சடித்த விளக்கத்தை ஒரு தட்டும் டம்ளரும் திருத்த முடியும் என்று எட்டாம் வகுப்பிலேயே கண்ணால் பார்த்த பிள்ளை, வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பாது. இதே வகுப்பில் ஆசிரியருக்குப் பதில் தெரியாத கேள்வி வரும். போர்டின் வலது ஓரத்தில் அதை எழுதி, தேதி போட்டு, அடுத்த வகுப்பில் முதல் வேலையாகப் பதில் சொல்ல வேண்டும். "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறந்தால், கேள்வி கேட்பது வீண் என்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

தமிழம்மா_திருவல்லிக்கேணி | பதிவு 7

நோட்டுத் திருத்தத்தைப் பற்றிக் கணக்கு சார் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அங்கேயே நிற்க விரும்புகிறேன். ஒரு மாணவருடன் நாம் தனியாகப் பேசுகிற ஒரே இடம் பெரும்பாலும் அந்த நோட்டின் ஓரம்தான்.

45 கட்டுரை நோட்டு, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 135 நிமிடம். 45 நிமிடப் பீரியட் மூன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆழமாகத் திருத்துவது நடக்காது. நாளுக்கு ஒன்பது நோட்டை மட்டும் முழுக் கவனத்தோடு பாருங்கள், வாரத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். மற்றவற்றுக்குக் கையொப்பம் போதும்.

ர/ற, ல/ள/ழ, ந/ன/ண, ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வட்டமிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்பாகும். அடுத்த கட்டுரையில் அந்தப் பிள்ளை தப்பு வராத சொற்களை மட்டும் பொறுக்கி நாலே வரி எழுதித் தரும். பிழை குறைந்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் எழுத்தே குறைந்திருக்கும். அதனால் இந்த வாரம் ல/ள/ழ, ர/ற மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "மரத்தின் கிழையில் பரவைகள் அமர்ந்தன" என்று எழுதியிருந்தால் எதையும் வட்டமிட வேண்டாம். வரியின் ஓரத்தில் "2" என்று மட்டும் எழுதுங்கள், இந்த வரியில் இரண்டு இருக்கிறது, நீ தேடு என்று பொருள். இரண்டு முறை தேடியும் கிடைக்காவிட்டால் "கிளை" என்று ஒன்றை எழுதிக் காட்டி, மற்றதைத் தேட விடுங்கள். தேடுவதற்கு அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் கட்டாயம் ஒதுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் நம் குறிப்புகளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கட்டுரைக்கு மார்க் போடாதீர்கள், குறிப்பு மட்டும் எழுதுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு_வாத்தியார்_பெரம்பூர் | பதிவு 8

மார்க் இல்லாத நோட்டைப் பார்த்தால் பெற்றோர் ஹெச்.எம். ரூமுக்கு வந்துவிடுவார்கள், டீச்சர். பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் வைக்கிற தொகுத்தறி மதிப்பீடு என்று மார்க் பதிவு செய்தே ஆக வேண்டும். மார்க்கும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தால் என்ன தவறு?

பயிற்சிக்_கல்லூரி | பதிவு 9

இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு மார்க், ஒரு குழுவுக்குக் குறிப்பு, ஒரு குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த பயிற்சியில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, மார்க் தெரிந்ததும் குறிப்பின் வேலை முடிந்துபோகிறது. ஆகவே பதிவேட்டுக்கு உரிய தேர்வுகளுக்கு மார்க் போடுங்கள். வாரக் கட்டுரைக்குக் குறிப்பு மட்டும், மார்க்கை உங்கள் டைரியில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதே பிள்ளையின் ஜூன் கட்டுரையையும் செப்டம்பர் கட்டுரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மார்க் ஏன் இல்லை என்ற கேள்வி அங்கேயே அடங்கும்.

கூடவே ஒரு வரி. உளவியலாளர் யேகரும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 7ஆம் வகுப்புக் கட்டுரைகளில் ஆசிரியரின் திருத்தங்களோடு, "உன்னிடம் எதிர்பார்ப்பு அதிகம், அதை எட்டுவாய் என்று தெரிந்துதான் இவற்றை எழுதுகிறேன்" என்ற கருத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். திருத்தி எழுதித் தந்தவர்கள் கூடினார்கள், பள்ளிமேல் நம்பிக்கை குறைந்திருந்த பிள்ளைகளிடம் பலன் அதிகம். அடியில் உண்மையான, கடினமான திருத்தம் இருந்தால்தான் இந்த வரிக்கு மதிப்பு. வெறும் "வெரி குட்" பக்கத்தில் இதை எழுதினால் வெற்றுப் பாராட்டு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

தமிழம்மா_திருவல்லிக்கேணி | பதிவு 10

நன்னூல் இலக்கணத்தின் முன்னுரைப் பகுதியான பொதுப்பாயிரம் கணக்குப் போட்டே சொல்கிறது: ஆசான் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைத்தால் மீதி அரை. வகுப்பில் இது நான்கு நிமிட வேலை. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும், மற்றவர் கேள்வி மட்டும் கேட்கலாம், பிறகு மாறிக்கொள்ள வேண்டும். வழக்கமாக நடக்கும் தவறு, முதல் ரேங்க் பிள்ளையே எப்போதும் "குட்டி டீச்சர்" ஆவது. அந்த அரைப் பங்கு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. அதே பாயிரம் பாடம் சொல்பவர் விரையாமல், வெகுளாமல், முகம் மலர்ந்து, கேட்பவர் கொள்ளும் வகை அறிந்து சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது.

மெரினா போகிறவர்கள் மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே.சாமிநாதையர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1903 முதல் 1919 வரை அங்கே தமிழ் சொல்லித்தந்தவர். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல். ஆசிரியரின் வரலாற்றை மாணவர் இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934இல், அதாவது ஐம்பத்தேழு ஆண்டுக்குப் பிறகு. ஆசிரியர் பாடம் சொன்ன விதத்தையும், மாணவர்களை நடத்திய விதத்தையும் அதில் அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார். அன்றாடம் பார்த்தது அப்படியே தங்கியிருக்கிறது.

அடையாறு_சமூக_அறிவியல் | பதிவு 11

தங்குவதில் கெட்டதும் சேர்த்தி. விடைத்தாளை மார்க் வரிசையில் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. முதல் ஐந்து பேருக்குக் கைதட்டல், கடைசி ஐந்து பேருக்கு நடந்து வரும் தூரமெல்லாம் அவமானம். வரிசை எண்படி, மடித்து, மார்க் உள்பக்கம் இருக்கும்படி கொடுங்கள். "மெல்லக் கற்போர்" பட்டியல் ஸ்டாஃப் ரூமோடு நிற்கட்டும், அதை வகுப்பில் வாய்விட்டு வாசிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

கண்டிக்க வேண்டி வந்தால் பெஞ்ச் பக்கத்தில் போய், குனிந்து, தாழ்ந்த குரலில், செய்த செயலை மட்டும் சொல்லுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற வரி வேண்டாம். அதே பீரியட் முடிவதற்குள் அந்தப் பிள்ளையிடம் பாடம் பற்றி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டுவிடுங்கள், கணக்கு தீர்ந்துவிட்டது என்று அதற்குப் புரியும். இதைச் செய்யாமல் விட்டால் வீட்டுக்குப் போகும்வரை அது வேறு எதையும் கேட்காது.

ராயபுரம்_பிளஸ்டூ | பதிவு 12

மேல்நிலை வகுப்பில் இருந்து ஒரு விஷயம். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, படிவத்தை யார் புரியவைத்தார் என்பது பாடத்தைவிட ஆழமாகப் பதியும். இதை எழுத்தர் வேலை என்று ஒதுக்காதீர்கள்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இனிஷியல், தமிழ் எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு மாற்ற அலைச்சல் அதிகம், வங்கிக் கணக்குப் பெயரும் ஒத்துவராமல் உதவித்தொகை நிற்கும். பிளஸ் டூவில் அரையாண்டு விடுமுறைக்கு முன்பே சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த சான்று வேண்டும், நடுவில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். கல்லூரி போகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களில், பெண்களுக்கான புதுமைப் பெண் 2022லும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024லும் வந்தன. தகுதி இருந்தும் கேட்காமல் விடுகிற பிள்ளை யார் என்று வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும்.

புதுசு_இரண்டாம்_வருஷம் | பதிவு 13

எல்லாத்துக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. இது ஜனவரி. பத்தாம் வகுப்புக்கு ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பிச்சாச்சு, நவம்பர் மழை லீவுல போன போர்ஷனே இன்னும் பாக்கி. இப்ப எதை எடுத்துக்கறது?

கணக்கு_வாத்தியார்_பெரம்பூர் | பதிவு 14

இரண்டே இரண்டு போதும், டீச்சர். ஒன்று, பீரியட் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பார்க்காமல் எழுதுவது. ரிவிஷனே அதுதான், போர்ஷன் நேரத்தைத் தின்னாது. இரண்டு, ரிவிஷன் தாள் கொடுக்கும் அன்றைக்குப் புதுப் பாடம் எடுக்காதீர்கள். தாளை மடித்துக் கொடுத்து, ஒவ்வொருவரும் தான் விட்ட மார்க்கில் எது தெரியாமல் போனது, எது தெரிந்தும் அவசரத்தில் போனது, எது நேரம் இல்லாமல் போனது என்று மூன்றாகப் பிரித்து எழுதட்டும். அவசரத்தில் விட்டவர்களுக்கு விடையைச் சரிபார்க்கப் பழக்குங்கள். நேரம் போதாதவர்களை எந்தக் கேள்வியில் தொடங்கினார்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் தெரியாத ஒரு ஐந்து மார்க் கேள்வியில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். தெரியாமல் விட்டவர்களை மட்டும் ஸ்பெஷல் கிளாஸில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்.